உருண்டாலும் எழுந்து வர: நீலகிரியில் மினி பக்கி பந்தயத்துக்கான விதிகள்

மினி பக்கி என்றைக்காவது உருளத்தான் செய்யும். அதை ஒத்துக்கொண்ட பிறகுதான் மற்ற வேலை. ஒற்றை இருக்கை, உருண்டால் ஓட்டுநரைக் காக்க இரும்புக் குழாயில் கட்டிய கூண்டு (ரோல் கேஜ்), பின்னால் 150 முதல் 300 சி.சி. வரை ஓர் எஞ்சின், கரடுமுரடான நிலத்துக்கான நாலு ஏ.டி.வி. டயர். சமவெளியில் கவிழ்ந்தால் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். கோத்தகிரி, கேத்தி பக்கத்துச் சரிவில் கவிழ்ந்தால் கீழே ஏதாவது தடுக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். கீழே உள்ள விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

நிலமும் அனுமதியும்

பதிவெண் இல்லாத பக்கி பொதுச்சாலையில் பத்தடிகூட ஓடக்கூடாது. குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அரசின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 189-இன்படி குற்றம். "விடியற்காலையில் அந்த ரோட்டில் யார் வரப்போகிறார்கள்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

காட்டு நிலம், சோலை ஓரம், மேட்டுப் புல்வெளி, ஊற்று உள்ள இடம் எதுவும் வேண்டாம். பட்டா நிலம் என்றாலும் கவனம் தேவை. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 இரண்டும் இங்கே பொருந்தலாம். நிலத்துக்காரர் சரி என்றதால் மட்டும் ஒரு மரத்தைச் சாய்த்துவிட முடியாது. ஜே.சி.பி. இறக்குவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எனவே தடத்தை மண்வெட்டி, கடப்பாரை, கயிறு மூன்றையும் வைத்தே போட்டுவிடுவது என்று முதலிலேயே முடிவெடுங்கள். முறையான போட்டி என்றால் மோட்டார் பந்தயங்களுக்கான தேசிய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் பெர்மிட்டும், ஓட்டுநர்களுக்கு அதன் லைசென்ஸும் தேவை. கலெக்டர் அலுவலகம், காவல் நிலையம், வனத்துறை, தீயணைப்பு நிலையம் நான்குக்கும் தேதி, இடம், வண்டிகளின் எண்ணிக்கை எழுதிக் கடிதம் கொடுத்து, கையெழுத்திட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை நல்ல காலம். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்திருக்கும். அதற்குப் பின் புல் காய்ந்து காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடும். சூடான சைலன்சர் பட்டாலே போதும், பற்றிக்கொள்ளும். ஏப்ரல், மே சீசனில் நடத்தவே நடத்தாதீர்கள். ரோடு முழுக்கச் சுற்றுலா வண்டி நிற்கும்போது ஆம்புலன்ஸ் எப்படி இறங்கும்? வெளியூரிலிருந்து வரும் அணிகளிடம் இ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம்.

தடம்

கேரட்டோ உருளைக்கிழங்கோ எடுத்த நிலம் பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் அந்த மண் பொதபொதவென்று இருப்பதால் நாலைந்து ஓட்டத்துக்குள் ஆழமான டயர்த் தடம் விழுந்துவிடும். பக்கவாட்டில் சறுக்கி வரும் டயர் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் முட்டினால் வண்டி அந்த இடத்திலேயே கவிழும். வேகம்கூடத் தேவையில்லை. தேயிலை பிடுங்கிவிட்டுச் சும்மா கிடக்கும் மேடு இறுக்கமாக இருக்கும். ஆனால் அங்கே புல்லுக்குள் தேயிலைக் கட்டைகள் மறைந்திருக்கும். கடப்பாரையோடு தடம் முழுக்க நடந்து, அடிக்கு அடி குத்திப் பார்த்து, இருப்பதைத் தோண்டி எடுங்கள்.

தடத்தின் அகலம் 5 மீட்டர். பக்கச் சரிவு 10 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஏற்ற இறக்கம் 20 டிகிரிக்கு மேல் வேண்டாம். கருவி இல்லையென்றால் ஒரு மீட்டர் பலகையைக் குறுக்கே மட்டமாகப் பிடியுங்கள். தாழ்ந்த முனைக்கும் தரைக்கும் 18 செ.மீ. இடைவெளி வந்தால் அது சுமார் 10 டிகிரி, 36 செ.மீ. வந்தால் 20. இறக்கம் முடியும் இடத்தில் வளைவு வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கவும் திருப்பவும் ஒரே நேரத்தில் டயரைக் கேட்டால் இரண்டையும் தராது. பள்ளத்துப் பக்கம் குறைந்தது 10 மீட்டர் சமதளம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் தடமே போகக்கூடாது. "டயர் அடுக்கிவிடலாம்" என்பார்கள். பழைய டயர் வரிசை வேகத்தைக் குறைக்குமே தவிர, விளிம்பில் ஒரு வண்டியைத் தடுத்து நிறுத்தாது. வைக்கோல் கட்டும் அப்படித்தான். ராத்திரிப் பனியில் ஊறிவிட்டால் பாறைபோலக் கனத்துப்போகும், மோதுகிற வேகத்தை வாங்கிக்கொள்ளாது.

பார்வையாளர்கள் மேட்டுப் பக்கத்தில், தடத்திலிருந்து 20 மீட்டராவது தள்ளி, கயிற்றுக்குப் பின்னால் நிற்கட்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருவரும் கூடாது, போட்டோக்காரர் உட்பட. கயிறு தேங்காய் நாரில் இருக்கட்டும், நடுநடுவே சிவப்புத் துணி கட்டுங்கள். பிளாஸ்டிக் பட்டை கட்டிவிட்டு அபராதமும் கட்ட வேண்டாம்.

ரோல் கேஜ்

சோதனை மேசையில் அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கான பாஹா போட்டியின் விதிப்புத்தகம் நல்ல அளவுகோல்: முதன்மைக் குழாய்களுக்கு வெளிவிட்டம் 25.4 மி.மீ., சுவர்த் தடிமன் 3 மி.மீ., கார்பன் குறைந்தது 0.18 சதவீதம் உள்ள எஃகு. பொழுதுபோக்குக்குக் கட்டும் வண்டிக்கும் இதைக் குறைக்காதீர்கள்.

எங்கே தவறு நடக்கிறது என்றால் ஹார்டுவேர் கடையில். "ஒரு இன்ச் பைப்" என்று கேட்டால் தண்ணீர்க் குழாயை எடுத்துக் கொடுப்பார்கள். அது உள்விட்டக் கணக்கு, வெளிவிட்டம் 33.7 மி.மீ. வரும். பருமனாக இருப்பதைப் பார்த்து வலுவானது என்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். அதிலும் ஜி.ஐ. என்றால் மேலே துத்தநாகப் பூச்சு இருக்கும். வெல்டிங்கில் அது ஆவியாகி மூட்டுக்குள் குமிழ்விடும், அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சலையும் கொடுக்கும். ஜி.ஐ. குழாயில் கட்டிய கேஜை மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்புங்கள். கோவையில் சீம்லெஸ் (நீளவாக்கில் வெல்டு மூட்டு இல்லாத) குழாய் வாங்கி, சோதனைச் சான்றிதழோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

சுவர்த் தடிமனை வாய் வார்த்தையில் நம்பாதீர்கள். பளு தாங்காத ஓர் இடத்தில் 4.5 மி.மீ. துளை போட்டு வெர்னியரால் அளக்கலாம். வெல்டிங்குக்கு ஒரு சோதனை: அதே வெல்டர், அதே குழாய், அதே மெஷினில் ஒரு டி-மூட்டு செய்து, வைஸில் பிடித்துச் சம்மட்டியால் அடித்து உடையுங்கள். குழாய் கிழிந்தால் தேறியது. வெல்டு பிட்டுக்கொண்டு வந்தால் கேஜ் முழுவதையும் சந்தேகப்பட வேண்டும். கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கிப் பெயின்ட் அடித்த மூட்டு அழகாக இருக்கும். சீவியது போக உள்ளே எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. சீவாத வெல்டைத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் வளையத்தில் குறுக்குக் குழாய் இல்லாத கேஜ் பக்கவாட்டில் மடங்கும். ஓட்டுநர் ஹெல்மெட் போட்டு, பெல்ட் இறுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், மேல் குழாய்கள்மேல் பலகை வைத்து அளங்கள்: ஹெல்மெட்டிலிருந்து 152 மி.மீ., உடம்பின் மற்றப் பகுதிகளிலிருந்து 76 மி.மீ. இடைவெளி வேண்டும். அளக்கும்போது சறுக்கி உட்கார்ந்து ஏமாற்றுவது வழக்கம். அணியில் உயரமானவரையே உட்கார வையுங்கள். குளிருக்கு இருக்கையில் மெத்தை போட்டிருந்தால் அதோடு சேர்த்து அளங்கள்.

மற்ற பாகங்கள்

எஞ்சினை உடனே நிறுத்தும் கில் ஸ்விட்ச் இரண்டு: ஒன்று பெல்ட் போட்ட ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில், இன்னொன்று வெளியே வலது பின்பக்கம், மார்ஷல் (தடத்தோரம் நிற்கும் பாதுகாப்புப் பணியாளர்) ஓடிவந்து அமுக்கும்படி. இரண்டும் இக்னிஷனோடு பெட்ரோல் பம்ப்பையும் நிறுத்த வேண்டும். எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும்) பைக் எஞ்சினில் சாய்வு சென்சார் இருந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள். பைக்கில் இருந்த திசையிலேயே அது பக்கியிலும் நிமிர்ந்து இருக்க வேண்டும். திசை மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. உடனே ஒயரை பைபாஸ் செய்துவிடுவார்கள். அப்புறம் வண்டி தலைகீழாகக் கிடந்தாலும் பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே இடைவெளி இல்லாத தகட்டுச் சுவர். செயினுக்கு 1.5 மி.மீ. இரும்புத் தகட்டில் கவசம். ஆக்சிலரேட்டருக்கு இரண்டு ஸ்பிரிங், பெடலுக்கு ஒரு தடுப்பு. சேறு புகுந்து ஒரு ஸ்பிரிங் வேலை செய்யாவிட்டாலும் மற்றது இழுத்துவிடும். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் போல்ட்டெல்லாம் 8.8 கிரேடு, தானாகக் கழலாத நைலாக் நட்டு, இறுக்கியதும் நட்டிலிருந்து போல்ட்வரை ஒரு பெயின்ட் கோடு. கோடு விலகினால் லூஸ் என்று தூரத்திலிருந்தே தெரியும். ஓட்டிப் பிரேக்கை அழுத்தினால் நாலு சக்கரமும் சுழலாமல் நின்றுவிட வேண்டும். பிரேக் ஆயில் சுற்று முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி.

பிறகு சாய்வுச் சோதனை. ஓட்டுநரோடு வண்டியை 35 டிகிரி பக்கவாட்டில் சாய்த்தால் மேல் சக்கரங்கள் தரையைவிட்டு எழக்கூடாது. ஓட்டுநரை இறக்கிவிட்டு, கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு 45 டிகிரிக்குச் சாய்த்துப் பெட்ரோல் சொட்டுகிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியில் காற்றுக் குழாய்க்கு ஒருவழி வால்வு இல்லாத வண்டி இங்கே மாட்டிக்கொள்ளும்.

கோவையில் ட்யூன் செய்த கார்புரேட்டர் ஊட்டியில், 2,200 மீட்டருக்கு மேல், இருமும். காற்றின் அடர்த்தி குறைந்திருப்பதால் பெட்ரோல் கூடுதலாகிப் பிளக் கருத்துவிடும். கார்புரேட்டரில் பெட்ரோலை விடும் மெயின் ஜெட்டை ஒன்று அல்லது இரண்டு எண் குறையுங்கள். ராத்திரிக் குளிரில் பாதி டேங்கோடு நிறுத்தினால் உள்ளே நீர் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் அதை உறிஞ்சிக்கொண்டு காலையில் தகராறு செய்யும்; நிரப்பியே நிறுத்துங்கள்.

ஓட்டுநர்

ஐந்து முனை பெல்ட். முதலில் இடுப்புப் பெல்ட், அதுவும் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின்மேல் பதியும்படி, பிறகுதான் தோள். தோள் பெல்ட்டின் பின்கட்டு தோள் மட்டத்திலோ சற்றே கீழேயோ இருக்க வேண்டும். தரையில் கொண்டுபோய்க் கட்டினால் அடி விழும்போது முதுகெலும்பை அமுக்கும். கைக்கட்டு வார் இல்லாமல் யாரையும் விடாதீர்கள். வண்டி சாயும்போது கை தானாக வெளியே நீண்டு தரையை ஊன்றப் போகும். அடுத்த நொடி கேஜ் அந்தக் கைமேல் விழும். முழுமுக ஹெல்மெட், கழுத்துக் காலர், கையுறை, கணுக்கால் மூடும் ஷூ.

மலைக்காரர்களுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. ஹெல்மெட்டுக்குள் குரங்குக் குல்லாய் கூடாது. ஹெல்மெட் தளர்ந்து சுழலும். மஃப்ளர், சால்வை கூடாது. தொங்கும் முனை சுழலும் பாகத்தில் சிக்கிக்கொள்ளும். நைலான் ஜெர்கினும் ஃப்ளீஸும் தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே பருத்தி பனியன், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் பருத்தி ஓவரால் போதும். ஸ்டீயரிங்கில் கட்டைவிரலை உள்ளே மடக்காதீர்கள். கல்லில் சக்கரம் அடித்தால் ஸ்டீயரிங் திருகி விரலை உடைத்துவிடும். எல்லாம் மாட்டிய பிறகு, ஐந்தே நொடியில் தானாக வெளியே வந்து காட்ட வேண்டும்.

ஓட்டம்

பக்கத்துப் பக்கமாக விட்டு ஓட்டும் பந்தயம் இந்த நிலத்துக்கு ஒத்துவராது. ஒவ்வொரு வண்டியாக விடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் போன வண்டி முடிவுக்கோட்டைத் தாண்டியதாகத் தகவல் வந்த பிறகே அடுத்தது. கூட்டத்துக்குக் கொஞ்சம் சப்பென்றிருக்கும், பரவாயில்லை. காலைப் பனி உருகிய பிறகு 9 மணிக்குத் தொடங்கி 1 மணிக்குள் முடியுங்கள். பிற்பகலில் மூடுபனி எந்த நிமிடமும் இறங்கும், மாலையில் காட்டெருமையும் இறங்கும். ஒரு மார்ஷலுக்கு அடுத்த மார்ஷல் தெரியவில்லையென்றால் சிவப்புக் கொடி. இதில் தலைமை மார்ஷலைக் கேட்கக்கூடத் தேவையில்லை.

ஒவ்வொரு நிலையத்திலும் இருவர்: மஞ்சள், சிவப்புக் கொடி, விசில், 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான். செல்போன் சிக்னலை நம்பாமல் உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கி வாங்குங்கள். ஈரமான இடத்தில் நிற்பவர்கள் காலில் உப்போ மூக்குப்பொடியோ தேய்த்துக்கொள்ளட்டும்; அட்டை கடித்தால் கொடியைவிட்டுக் குனிவார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று திடலிலேயே நிற்க வேண்டும். அது ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், திரும்பி வரும்வரை எந்த எஞ்சினும் ஓடக்கூடாது.

வண்டி உருண்டால்

முதலில் சிவப்புக் கொடி. இருவரும் மேட்டுப் பக்கத்திலிருந்தே நெருங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் போனால் வண்டி மறுபடி புரளும்போது நீங்கள் அடியில் இருப்பீர்கள். ஒருவர் கில் ஸ்விட்ச்சை அமுக்கித் தீயணைப்பானோடு நிற்க, மற்றவர் ஓட்டுநரிடம் பேச வேண்டும். அவர் தலைகீழாகத் தொங்கினால் பெல்ட்டை அவிழ்க்காதீர்கள். தலையில் விழுவார், கழுத்து போய்விடும். தோளைத் தாங்கிப் பிடித்த பிறகுதான் பக்கிள். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றாலோ, பேச்சில்லை என்றாலோ, ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் ஆட்களுக்குக் காத்திருங்கள். தீப்பிடித்தால் மட்டும் இதெல்லாம் பார்க்காமல் இழுத்துவிட வேண்டும்.

வண்டியை நிமிர்த்துமுன் மேலே ஒரு கயிறு கட்டி உறுதியான இடத்தில் இறுக்குங்கள். வின்ச் இழுக்கும்போது கம்பிமேல் ஈரச் சாக்கு போட்டு, அதன் நேர்கோட்டிலிருந்து எல்லோரையும் விலக்கிவிடுங்கள். உருண்ட வண்டியின் ஓட்டுநர் "ஒன்றும் ஆகவில்லை, அடுத்த ரவுண்டு போகிறேன்" என்பார். அடிபட்ட ஹெல்மெட்டும் பலமாக இழுபட்ட பெல்ட்டும் இனி உதவாது. கேஜின் ஒவ்வொரு மூட்டையும் துடைத்து விரிசல் பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாய், ஸ்டீயரிங், பெயின்ட் கோடுகள் எல்லாம் முதலிலிருந்து. வண்டி சோதனை மேசைக்குத் திரும்பி வரும் முன்பே, ‘தேறியது’ என்று ஒட்டிய ஸ்டிக்கரை மார்ஷலே கிழித்துவிட வேண்டும்.