மசாஜ் போய் ஏமாந்து வராம இருக்க என்ன பண்ணணும்

போன மாசம் கழுத்து புடிச்சிருக்குன்னு ஒரு மணி நேர மசாஜ் புக் பண்ணி போனேன், கழுத்துக்கு கிடைச்சது மூணே நிமிஷம், மீதி நேரம் பூரா கால்லயும் கையிலயும் எண்ணெய தேய்ச்சே ஓட்டிட்டாங்க, நானும் ஒண்ணும் சொல்லாம குப்புற படுத்தே கிடந்துட்டேன். வலியும் போகல, காசும் போச்சு. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

புக் பண்றப்பவே ஒண்ணு கேட்டுடுங்க, 60 நிமிஷம்னா அதுல கை வச்சு பண்றது எவ்வளவு நேரம்னு. நிறைய இடத்துல பேசுறது, ட்ரெஸ் மாத்துறது எல்லாம் அதுக்குள்ளயே வந்துடும், நிஜத்துல 50 நிமிஷம்தான் தேறும். ஸ்வீடிஷ்னா நீளமா நீவி விட்டு உடம்ப தளர்த்துறது, டீப் டிஷ்யூன்னா உள் தசை வரைக்கும் மெதுவா அழுத்துறது, எது வேணும்னு முடிவு பண்ணிட்டு போங்க.

உள்ள போனதும் "கழுத்தும் தோளும்தான் பிரச்சனை, பாதி நேரம் அங்கயே பாருங்க, கால் வேணாம்"னு இவ்வளவு நேரடியா சொல்லுங்க. நட்ஸ் அலர்ஜி இருந்தா என்ன எண்ணெய்னு கேக்காம படுக்காதீங்க, பாதாம் எண்ணெய் நிறைய பேர் யூஸ் பண்றாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, கர்ப்பமா இருக்கவங்க முதல்ல டாக்டர்கிட்ட கேக்கணும். கால்ல ரத்தக்கட்டி இருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே மசாஜ் பக்கமே போகக்கூடாது.

எல்லாத்தவிட முக்கியம் முதல் 5 நிமிஷம், அதுல வாய திறக்கலைன்னா அப்புறம் கடைசி வரைக்கும் திறக்க மாட்டோம். உங்களையே கவனிங்க, மூச்ச அடக்கிகிட்டு கட்டில் ஓரத்த இறுக்கி புடிச்சிருக்கீங்கன்னா அழுத்தம் ஜாஸ்தி, "கொஞ்சம் குறைங்க"ன்னா போதும், நல்லா வேலை தெரிஞ்சவங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கட்டை விரல் முதுகெலும்பு மேலயே ஏறி அழுத்துதுன்னா உடனே நிறுத்த சொல்லுங்க, பக்கத்துல இருக்க தசையிலதான் அழுத்தணும், எலும்பு மேல இல்ல. தொடுற விதமே சரியில்லன்னு மனசுல பட்டா காரணமே சொல்ல வேணாம், எழுந்து வந்துடுங்க.

திருப்தி இல்லன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே ரிசப்ஷன்ல சொல்லிடுங்க. "நல்லா இல்ல"ன்னு பொதுவா சொல்லாம "கழுத்துக்குன்னு சொல்லி புக் பண்ணேன், 3 நிமிஷம்தான் பாத்தாங்க"ன்னு சொன்னா அவங்களால மழுப்ப முடியாது, இன்னொரு தடவை வேற ஆளை வச்சு பண்ணித்தர சொல்லியும் கேக்கலாம். அப்புறம், டீப் டிஷ்யூ பண்ணா ஒண்ணு ரெண்டு நாள் உடம்பு வலிக்கிறது சகஜம்தான், ஆனா மரத்துப் போறது, கை கால் வலுவில்லாம போறது இருந்தா காத்திருக்காம டாக்டர பாத்துடுங்க.