கொழும்பில் வண்டியும் வீடும்: காப்புறுதியில் கையெழுத்துப் போடும் முன்

கொழும்பில் வண்டி ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்று தெரிந்தாலே காப்புறுதி முகவர் தேடி வந்துவிடுவார். வீடு வாங்கக் கடன் எடுத்தால் வங்கியே படிவத்தை நீட்டும். கையெழுத்துப் போடப் பத்து நிமிடம் போதும். ஆனால் பின்னொரு நாள் நட்டஈடு கேட்டுப் போகும்போது, அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் எதைச் சொன்னீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்பதைத்தான் நிறுவனம் முதலில் பார்க்கும். சென்னையிலிருந்து வேலைக்கு வருபவர்கள், கனடாவிலிருந்து திரும்பி வருபவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வருபவர்கள் என்று எல்லோரும் பெரும்பாலும் இதில்தான் அகப்படுகிறார்கள்.

முதலில் வண்டி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வீதியில் இறங்கவே கூடாது, அது சட்டம். வண்டி வீதியில் ஓடுவதற்கான வருமான அனுமதிப்பத்திரத்தை ஒவ்வொரு வருடமும் எடுக்கக் காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். மூன்றாம் தரப்பு என்பது நீங்கள் மோதிய மற்றவருக்கானது. உங்கள் வண்டி நொறுங்கினால் அதில் ஒரு சதமும் வராது. அதற்கு ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டும். லீசிங்கில் எடுத்த வண்டி என்றால் லீசிங் கம்பனியே அதைக் கட்டாயமாக்கிவிடும்.

ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும் பயனில்லை. தமிழ்நாட்டில் இருபது வருடம் ஓட்டியவராக இருக்கலாம், இங்கேயும் இடது பக்கம்தான், கை தானாகப் பழகிவிடும். ஆனால் இந்திய லைசன்சை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டி விபத்து நடந்தால் நிறுவனம் கைவிரிக்க அது ஒன்றே போதும். இங்கேயே தங்கப் போகிறீர்கள் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்துக்குப் போய் இலங்கை அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை சாரதி ஒருவரை வைத்துக்கொள்வது செலவுதான், ஆனாலும் பாதுகாப்பு.

அப்புறம் இந்த 'ஓபன் பேப்பர்' பழக்கம். விற்பவர் மாற்றப் படிவத்தில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், வாங்குபவர் தன் பெயருக்கு மாற்றாமலே வருடக் கணக்கில் ஓட்டுவார். விலை கொஞ்சம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறது, காப்புறுதி யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி விபத்து நடந்த பிறகுதான் எழும், அப்போது பழைய சொந்தக்காரரைத் தேடி அலைய முடியாது. வாங்கிய கையோடு பதிவை மாற்றுங்கள். அதேபோல, சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி எடுத்த காரைப் பிக்மீ, ஊபர் போன்ற வாடகைக் கார் செயலிகளில் ஓட விட்டால், அதையும் நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். காப்புறுதித் தவணைப் பணம் கூடும், கூடட்டும்.

வண்டியின் பெறுமதியை ஒவ்வொரு வருடமும் சரிபாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2022இல் ரூபா விழுந்தது, தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. பழைய தொகையிலேயே புதுப்பித்துக்கொண்டு வந்தவர்களுக்கு, வண்டி திருட்டுப் போனால் கிடைக்கும் பணத்தில் பாதி வண்டிகூட வாங்க முடியாது.

விபத்து நடந்தால் முதலில் ஆட்களைப் பாருங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சேவை இது. பொலிசுக்கு 119. பிறகு, நின்ற இடத்திலிருந்தே காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள், மதிப்பீட்டாளர் ஒருவரை அங்கேயே அனுப்புவார்கள். அவர் வருமுன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், மற்ற வண்டியின் இலக்கத் தகடும் வீதியின் பெயரும் தெரியட்டும். மற்ற சாரதி "காசு தாறன், விடுங்கோ" என்றால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம்.

பொலிஸ் நிலையத்தில் உங்கள் வாக்குமூலத்தைப் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போய், வரி வரியாக வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு போடுங்கள். "நான் பிரேக் பிடித்தேன்" என்று நீங்கள் சொன்னது "பிரேக் பிடிக்கவில்லை" என்று பதிவாகிவிட்டால், நிறுவனம் அந்தப் பிரதியைத்தான் நம்பும்.

மழையையும் சாதாரணமாக எடுக்காதீர்கள். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு மறுபடி வெள்ளம். வெள்ளச் சேதத்தை இயற்கை அனர்த்தம் என்று தனியாகச் சேர்த்தால்தான் பல பாலிசிகளில் அது உள்ளே வரும். நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நின்ற கார் தண்ணீரில் மூழ்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்ததும் யாருக்கும் சாவியைத் திருப்பிப் பார்க்கத்தான் கை போகும். திருப்பாதீர்கள். எஞ்சினுக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தும்போது அதோடு இணைந்த தண்டு வளைந்துவிடும். அது வெள்ளத்தால் வந்ததல்ல, நீங்கள் ஸ்டார்ட் பண்ணியதால் வந்தது என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள். பட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இழுத்துப் போகும் வண்டியை வரவழையுங்கள்.

வீட்டுக்கு வருவோம். கொழும்பில் காணிதான் விலை, ஆனால் காணி எரியாது. வீட்டை மறுபடி கட்ட என்ன செலவாகுமோ அந்தத் தொகைக்குத்தான் காப்புறுதி எடுக்க வேண்டும். கட்ட 3 கோடி ஆகும் வீட்டை 1.5 கோடிக்குப் பதிந்து வைத்திருந்தால், 20 இலட்ச ரூபா சேதத்துக்குக் கிடைப்பது 10 இலட்சம்தான். பாதிக்குக் காப்புறுதி எடுத்தால் எல்லா நட்டத்திலும் பாதிதான் தருவார்கள். சீமெந்தும் கம்பியும் 2022க்குப் பிறகு என்ன விலை என்று பார்த்துத் தொகையைத் திருத்துங்கள்.

கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பைக் கேட்டு வாங்குங்கள். அது தானாக உள்ளே இருக்காது. இதற்கென்று 1987இல் அரசு ஒரு நிதியத்தை உருவாக்கியது, இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. தனியார் கம்பனியில் பாலிசி எடுத்தாலும் இந்தப் பகுதியின் பணம் அங்கேதான் போகும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எத்தனை வீடுகள் எரிந்தன என்று இங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல காலத்தில் இருக்கிறோம் என்பதற்காக அந்தச் சின்னத் தொகையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தொடர்மாடி வீடு என்றால், கட்டடத்துக்கான காப்புறுதியை அங்குள்ள வீட்டுச் சொந்தக்காரர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டு அதன் பிரதியை வாங்குங்கள். உள்ளே இருக்கும் தளபாடம், நகை, டீவி எல்லாம் உங்கள் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் பொருட்களுக்குத் தனியாக எடுக்கலாம்.

வீட்டுக்குள் முதலில் பார்க்க வேண்டியது, மின்சாரம் கசிந்தால் தானாக அணைக்கும் ட்ரிப் சுவிட்ச். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். இங்குள்ள புதிய பிளக் 13 அம்பியர், சதுர முள். ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரையும் அயன் பாக்ஸையும் மலிவான அடாப்டரில் மாட்டினால் அது சூடேறி உருகும். பிளக்கையே மாற்றிவிடுங்கள். 2021 கடைசியில் காஸ் வெடிப்புகள் தொடர்ந்து நடந்ததிலிருந்து, சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்ப்பது பல வீடுகளில் வழக்கம். நீங்களும் பழகுங்கள். தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

நட்டஈட்டை நிறுவனம் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அவர்களுடைய முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம். பாலிசி, படிவத்தின் பிரதி, பொலிஸ் அறிக்கை, நீங்கள் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, அதன் படங்களை ஃபோனிலும் ஏற்றி வையுங்கள்.