ஓன் போர்டு காரில் தொழில் வேலையா? பாலிசியில் இந்த நாலு வரியைப் பாருங்கள்

திருப்பூரில் பனியன் சாம்பிள்களைக் காரில் போட்டுக்கொண்டு பையிங் ஆபீஸ் பையிங் ஆபீஸாக ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. போன வருஷம் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன். பானட் அப்பளம். பம்பர் டு பம்பர் போட்டிருக்கிற தெம்பில் நின்ற இடத்திலேயே நாலு போட்டோ எடுத்து கம்பெனிக்கு அனுப்பினேன். அதில் ஒரு போட்டோவில், பின்சீட்டை மடக்கி அடுக்கியிருந்த எட்டு அட்டைப்பெட்டியும் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு ஏற்றியது சாம்பிள் அல்ல, டெலிவரி சரக்கு. கிளெய்ம் அங்கேயே நின்றுவிட்டது.

பம்பர் டு பம்பர் என்பது பார்ட்ஸ் தேய்மானத்தைப் பிடிக்காமல் தருவதற்கான ஆட்-ஆன். வண்டியை எதற்கு ஓட்டினோம் என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது தெரியாமல்தான் நான் மாட்டினேன்.

1. முழு பாலிசி பிடிஎஃப் எடுங்கள். எம்பரிவாகன் ஆப்பில் தெரிவது கம்பெனி பெயரும் காலாவதி தேதியும்தான், அது போலீஸ்காரரிடம் காட்ட மட்டும் உதவும். பாலிசி போட்டபோது மெயிலில் வந்த ஃபைல்தான் வேண்டும். செல்போனில் பார்க்காதீர்கள், எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். லேப்டாப்பில் திறங்கள்.

2. அதில் 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' (Limitations as to Use, அதாவது வண்டியை எதற்கெல்லாம் ஓட்டலாம் என்ற வரம்பு) என்ற தலைப்பைத் தேடுங்கள். என்னுடையதில் பிரீமியக் கட்டத்துக்குக் கீழே, வண்டியை யார் ஓட்டலாம் என்று சொல்லும் விதிக்குப் பக்கத்தில், யாரும் படிக்காத மூலையில் இருந்தது. தனியார் கார் பாலிசிகளில் வாசகம் பெரும்பாலும் ஒன்றேதான்: வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம், மோட்டார் வியாபாரம் தொடர்பான உபயோகம், இவை தவிர மற்ற எதற்கும் ஓட்டலாம்.

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். 'சரக்கு' என்ற இடத்திலேயே ஒரு விலக்கு ஒட்டியிருக்கும்: 'சாம்பிள், சொந்த லக்கேஜ் நீங்கலாக'. ஆக, பார்ட்டியைப் பார்க்கப் போகலாம், சைட் பார்க்கப் போகலாம், சாம்பிள் பையும் கொண்டு போகலாம். தொழிலுக்கு ஓட்டினாலே கவர் போய்விடும் என்று பயமுறுத்தும் ஏஜென்டுகளை நம்ப வேண்டாம். அதே பனியன் பத்து பீஸாக இருந்தால் சாம்பிள். பில் போட்டுப் பெட்டியில் ஏறினால் சரக்கு. பத்து வருஷமாக இந்தத் தொழிலில் இருந்தும் இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

3. சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் ஐஎம்டி 28, ஆபீஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் ஐஎம்டி 29 (IMT 28, 29: வண்டியில் அவர்களுக்கு ஏதாவது ஆனால் முதலாளியான உங்கள் பொறுப்பை ஏற்கும் கூடுதல் கவர்) பாலிசியில் இருக்கிறதா பாருங்கள். பழைய டாரிஃப் கணக்கில் தலைக்கு வெறும் 50 ரூபாய். இதை விடுவது முட்டாள்தனம்.

4. சந்தேகத்தைப் போனில் கேட்காதீர்கள். "இந்தக் காரில் வாரம் இரண்டு நாள் இன்ன பொருளை இன்ன வேலைக்கு எடுத்துப் போகிறேன், கவர் உண்டா?" என்று கம்பெனிக்கு மெயில் போடுங்கள். ஏஜென்ட் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொன்னதை நான் எங்கே போய்க் காட்டுவது?

5. தினமும் சரக்கு என்றால் காரை விட்டுவிடுங்கள். நான் இப்போது பெட்டிகளுக்குக் குட்டி யானை வாடகைக்குப் பிடிக்கிறேன். சொந்தமாக வாங்கினால் அதற்குச் சரக்கு வாகனப் பாலிசி தனி. மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: கிளெய்ம் ஃபார்மில் பொய் எழுதாதீர்கள். பாலிசி அனுமதிக்காத வேலைக்கு வண்டியை உபயோகித்ததற்காக மொத்தமாகக் கைவிரித்தால், 'நான்-ஸ்டாண்டர்ட்' அடிப்படையில் (ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது) தீர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். டாக்ஸியாக ஓடியபோது திருடுபோன ஒரு தனியார் வண்டிக்கு 75 சதவீதம் தரச் சொல்லி 2008-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. எனக்கும் கடைசியில் முக்கால் பங்குதான் வந்தது, அதுவும் மூன்று கடிதத்துக்குப் பிறகு. கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பின்சேர்க்கை: சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு தம்பி, "பைக்குக்கும் இது உண்டாண்ணா?" என்று கமென்டில் கேட்டிருந்தார். உண்டு தம்பி. டூவீலர் பாலிசியிலும் இதே வாடகை, சரக்கு வரிகள் இருக்கின்றன. டெலிவரி கம்பெனி போட்டுத் தருவது பெரும்பாலும் உங்கள் உடம்புக்கான விபத்துக் காப்பீடு; வண்டிச் சேதத்துக்கு உங்கள் பாலிசிதான் பேசும். நாலாவது படியில் சொன்ன மெயிலை இன்றைக்கே அனுப்பிவிட்டு, வருகிற பதிலை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.