தடுப்பூசியோட ரெண்டாவது டோஸ் நேரத்துக்கு வருமா? நாமளே கணக்கு போட்டுப் பாக்குறது எப்படி

மொத்தம் இத்தனை கோடி டோஸ் போட்டாச்சுன்னு டிவில வர்ற நம்பரை முதல்ல ஓரமா வைங்க, அதை வச்சு ரெண்டாவது டோஸ் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. வாராவாரம் எத்தனை பேர் முதல் டோஸ் போட்டாங்கன்னு எடுங்க, ரெண்டு டோஸுக்கும் நடுவுல இடைவெளி எத்தனை வாரமோ அத்தனை வாரம் கழிச்சு வர்ற வாரத்துல அதை எழுதுங்க, அதான் அந்த வாரத்துக்குத் தேவை. மார்ச் முதல் வாரம் 1 லட்சம் பேர் போட்டு இடைவெளி 12 வாரம்னா மே கடைசில அதே மருந்து 1 லட்சம் டோஸ் வேணும். வேஸ்டேஜுக்கும் கொஞ்சம் சேத்துக்கங்க, 10 டோஸ் குப்பியைத் திறந்து 6 பேர்தான் வந்தாங்கன்னா மிச்சம் குப்பைக்குத்தான் போகும்.

அடுத்து ஸ்டாக். இதுலதான் ரொம்ப கவனமா இருக்கணும், நாட்டுக்குள்ள வந்து குளிர்பதனக் கிடங்குல இருக்கிறதை மட்டும் எண்ணுங்க, ஆர்டர் குடுத்திருக்கோம்ங்கிறது ஸ்டாக் இல்ல. 2021ல இலங்கைல நடந்தது இதுதான், ஜனவரி கடைசில கொரோனாவுக்கு கோவிஷீல்டு தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க, இந்தியாவுல இருந்து அடுத்த லோடு வரும்னு நம்பி 9 லட்சம் பேருக்கு மேல முதல் டோஸ் போட்டுட்டாங்க, இந்தியாவுல கொரோனா ரெண்டாவது அலை அடிச்சதும் ஏற்றுமதி நின்னு போச்சு. சுமார் 6 லட்சம் பேர் ரெண்டாவது டோஸ் எப்ப வரும்னே தெரியாம மாசக்கணக்கா காத்திருந்தாங்க, ஜூலை கடைசில ஜப்பான் குடுத்த ஆஸ்ட்ராஜெனெகா (கோவிஷீல்டும் இதே மருந்துதான்) வந்தப்புறம்தான் வழி பிறந்துச்சு. நோய் பரவிட்டு இருக்கிற நேரத்துல அப்படிக் காத்திருக்கிறது எவ்வளவு பயம்னு நினைச்சுப் பாருங்க.

ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி கணக்கு போடுங்க, மொத்தமா கூட்டாதீங்க. ரஷ்யாவோட ஸ்புட்னிக் கொரோனா தடுப்பூசில முதல் ஊசி வேற ரெண்டாவது ஊசி வேற, முதல் ஊசி எவ்வளவு குவிஞ்சு கிடந்தாலும் ரெண்டாவதுக்கு உதவாது.

நடுவுல இடைவெளியை மாத்துனா கணக்கைத் திருப்பிப் போடணும். இந்தியாவுல கோவிஷீல்டுக்கு முதல்ல 4 வாரம்னாங்க, 2021 மார்ச்ல 6-8 வாரம் ஆச்சு, மே மாசம் 12-16 வாரம். இடைவெளி கூடுனா எதிர்ப்பு சக்தி நல்லா வருதுன்னு ஆய்வுகள் சொன்னது நிஜம்தான், ஆனா கியூ காணாம போகல, தள்ளித்தான் போயிருக்கு.

ஸ்டாக் இருந்தும் ஆள் வரலைன்னா அது வேற பிரச்சனை, அதுக்கு வீடு வீடா போகணும், 2021 நவம்பர்ல இந்தியா அப்படித்தான் செஞ்சுது.

கடைசியா, கையில இருக்கிற ஸ்டாக்ல இருந்து அடுத்த 4 வாரத்துத் தேவையைக் கழிங்க. மைனஸ் வந்தா முதல் டோஸைக் குறைச்சே ஆகணும், 2021 மே மாசம் மத்திய அரசு மாநிலங்களுக்கு, அனுப்புற மருந்துல 70 சதவீதத்தை ரெண்டாவது டோஸுக்கு ஒதுக்குங்கன்னு சொன்னது இதுக்காகத்தான். மைனஸ் வந்தும் புது ஆளுங்களுக்கு கேம்ப் அறிவிக்கிறாங்கன்னா, உங்க ரெண்டாவது டோஸ் தேதியை இப்பவே சென்டர்ல கேட்டு உறுதி பண்ணிக்கங்க.