சீலிங்கில் பதிக்கும் விளக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த டவுன்லைட்டில் நம் கண்ணுக்குத் தெரிவது முகப்பு மட்டும்தான். சூடாகிற பாகம், டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சின்னப் பெட்டி), வயர் ஜாயின்ட் எல்லாம் மேலே மறைந்து கிடக்கின்றன. அங்கே ஒரு பிழை நடந்தால், கருகிய வாடை வரும்வரை கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமலே போகலாம். அதனால் இந்த வேலையில் கீழே தெரியும் அழகைவிட மேலே செய்கிற வேலைதான் முக்கியம்.

துளை போடுவதிலிருந்தே தவறு தொடங்குகிறது. விளக்கின் வெளிவிட்டத்தை அளந்து அதே அளவுக்கு வெட்டிவிடுகிறார்கள். விளக்கு உள்ளே நழுவிவிடும், போர்டு வீண். பெட்டியில் 'கட்-அவுட்' என்று தனியாக ஓர் அளவு போட்டிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். மேலே எவ்வளவு உயரம் காலியாக இருக்கிறது என்பதையும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

வெட்டும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, குறித்த இடத்தின் நடுவில் சின்னத் துளை ஒன்று போடுங்கள். ஒரு கம்பியை 'ட' போல மடித்து உள்ளே விட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மடித்த நீளம் விளக்கின் ஆரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். எங்கும் இடிக்காமல் சுற்றினால் அந்த உயரத்தில் சீலிங்கைத் தாங்கும் உலோகச் சேனலோ, மரச்சட்டமோ, குழாயோ இல்லை. இடித்தால் துளையைச் சற்றுத் தள்ளிக் குறியுங்கள். சட்டத்தையே வெட்டி இடம் பண்ணுவது சீலிங்கின் பலத்தைக் கெடுக்கும். கான்கிரீட் தளத்தைக் கொத்தி விளக்கு பதிப்பது அதைவிட மோசம், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிக்கும் தளத்துக்கும் சேதம். அங்கே மேலே ஒட்டினாற்போல் பொருத்தும் விளக்கு போதும்.

அடுத்தது மின்சாரம். சுவிட்சை அணைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். வயரிங் செய்தவர் தவறுதலாக, மின்சாரம் வரும் வயருக்குப் பதில் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் சுவிட்சைக் கொடுத்திருந்தால், விளக்கு அணைந்திருந்தாலும் அதற்கு வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மெயினையே அணையுங்கள். அணைக்கும் முன்பே, டெஸ்டரை மின்சாரம் இருப்பது உறுதியான வேறோர் இடத்தில் வைத்துப் பாருங்கள். அது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே மெயினை அணைத்து, சீலிங் வயரைச் சோதியுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் 'மின்சாரம் இல்லை' என்றுதான் காட்டும்.

வயரை முறுக்கி, டேப் சுற்றி, சீலிங்குக்கு மேலே அப்படியே போட்டுவிடுவது எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். முறுக்கு தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு. சூட்டில் டேப்பின் பசை இளகும், டேப் பிரியும். பக்கத்தில் தூசியோ மரமோ இருந்தால் பொறி ஒன்று போதும். நல்ல கனெக்டர் போட்டு, ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பார்த்து, மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். அந்த பாக்ஸைப் பின்னாளில் திறந்து பார்க்க வழியும் இருக்க வேண்டும். விளக்கு உலோக உடலோடு, எர்த் வயரோடு வந்தால் அதை வெட்டிவிடாமல் கட்டாயம் இணையுங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால், அது இரட்டைக் காப்பு உள்ள வகை. அதற்கு எர்த் தேவையில்லை.

'எல்இடி சூடாகாது' என்பது பாதி உண்மைதான். முகப்பு சூடாகாது, பின்புறம் சூடாகும். அந்தச் சூடு வெளியேறக் காற்று வேண்டும். மேலே வெப்பத்தடுப்புப் பஞ்சு விரித்திருந்தால், பஞ்சு படலாம் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கும் விளக்கை மட்டும் வாங்குங்கள். மற்றவற்றுக்கு, அவர்கள் சொல்லும் இடைவெளியை நாலாபுறமும் விட வேண்டும். டிரைவரை விளக்கின் முதுகிலேயே ஏற்றி வைப்பதும் வேண்டாம். ஒரு சாண் தள்ளி வைத்தால் அதன் ஆயுள் கூடும். பழைய ஹாலஜன் விளக்கு என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. எழுதியிருக்கும் வாட்டுக்கு மேல் பல்பு போடவே கூடாது.

டிரைவர் விஷயத்தில் இன்னொன்று: கையில் கிடைத்த டிரைவரை மாட்டக் கூடாது. மில்லி ஆம்பியரும் வோல்ட் வரம்பும் விளக்கோடு பொருந்த வேண்டும். டிரைவருக்கு மின்சாரம் கொடுத்த பிறகு விளக்கை அதில் சொருகினாலும் எல்இடி பழுதாகக்கூடும். முதலில் விளக்கை மாட்டுங்கள், பிறகு சுவிட்ச்.

குளியலறையில் ஷவருக்கு மேலே சாதாரண விளக்கு ஆகாது. நீரும் தூசியும் புகாமல் தடுக்கும் திறனைக் காட்டும் 'ஐபி' எண்ணைப் பாருங்கள்: நீர் தெறிக்கும் இடத்துக்குக் குறைந்தது ஐபி44, ஷவருக்கு நேர் மேலே ஐபி65 வாங்கினால் நிம்மதி. மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே தீத்தடுப்புக்காகவே போட்ட சீலிங் என்றால், ஒவ்வொரு துளையும் அந்தத் தடுப்பில் ஓட்டைதான். அங்கே தீத்தடுப்புச் சான்று பெற்ற விளக்குகளே வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைக்க ஆசைப்பட்டால் டிரைவரும் அதற்கு ஏற்றதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மினுக்கும். மின்விசிறி இறக்கைக்கு நேர் மேலே விளக்கு வைத்தாலும் அறையெங்கும் நிழல் துடிக்கும்.

எல்லாம் மாட்டியதும், விளக்குகளை இரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். மெயினை அணைத்து, ஒன்றிரண்டைக் கழற்றி கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு, நிறம் மாறிய பிளாஸ்டிக், கருகிய வாடை இவற்றில் எது இருந்தாலும் அந்த இணைப்பைப் பிரித்துப் புதிதாகச் செய்யுங்கள். எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்தால், அதைவிடப் பெரியதாக ஒன்றை மாற்றிவிடாதீர்கள். எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்ற. வயர் தாங்குவதற்கு மேல் மின்னோட்டத்தை விட்டால், சீலிங்குக்கு மேலே வயரே கருகத் தொடங்கும். ஏன் விழுகிறது என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துக் கண்டுபிடிக்கும் வரை அந்த இணைப்பு அணைந்தே இருக்கட்டும்.