சம்பளம் குறைஞ்ச மாசமே மனு போடுங்க

ராணிப்பேட்டையில ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்ல இருக்கேன். விவாகரத்து வழக்கோட ஜீவனாம்ச வழக்கும் நடந்துது. மனைவிக்கும் மகளுக்கும் மாசம் 9,000 ரூபாய்னு உத்தரவு. ஓவர்டைமோட (ஓ.டி.) 24,000 வாங்கினப்போ போட்ட கணக்கு அது. கம்பெனிக்கு ஆர்டர் குறைஞ்சு ஓ.டி. நின்னதும் கைக்கு வந்தது 15,500. பயத்துல நாலு மாசம் ஒரு பைசா அனுப்பாம இருந்துட்டேன். 36,000 பாக்கி ஏறி, வீட்டுக்கு வாரண்ட் வந்தது.

சம்பளம் குறைஞ்சா உத்தரவு தானா குறையாது. கோர்ட் மாத்துற வரைக்கும் பழைய தொகை மாசாமாசம் ஏறிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு மாச பாக்கிக்கும் ஒரு மாசம் வரைக்கும் ஜெயில் போட சட்டத்துல இடம் இருக்கு.

மாத்தறதுக்குன்னே வழி இருக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 125வது பிரிவா இருந்த ஜீவனாம்சம், 2024 ஜூலை 1லேர்ந்து அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல (பி.என்.எஸ்.எஸ்.) 144வது பிரிவு. தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கிற பழைய 127 இப்போ 146. இந்து திருமணச் சட்டப்படி நிரந்தர ஜீவனாம்சம் ஆகியிருந்தா அதுல பிரிவு 25(2). வேலை போன மனைவியும் இதே வழியில கூடுதலாக் கேட்கலாம்.

மனுவை விட காகிதம்தான் பேசும். முத்துக்கடையில பஸ் ஏறி சத்துவாச்சாரி கோர்ட்ல இறங்கினப்போ என் கையில இருந்தது கடைசி மாச பே ஸ்லிப் மட்டும். நீதிபதி அம்மா அதைப் புரட்டிப் பார்த்துட்டு, "முன்னாடி எவ்வளவு வாங்கினீங்க? அது எங்கே?"ன்னாங்க. ஒரு வாய்தா வீணாப் போச்சு. அடுத்த தடவை ஓ.டி. இருந்தப்போ ஆறு மாசம், நின்ன பிறகு ஆறு மாசம்னு பே ஸ்லிப்பை அடுக்கி, பி.எஃப். பாஸ்புக், பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி லெட்டர் எல்லாம் வெச்சேன்.

சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாக் கொடுக்கணும்னு 2020ல ரஜ்னேஷ் – நேஹா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதுல எதையும் மறைக்காதீங்க. மாட்டினா உண்மையா குறைஞ்ச சம்பளத்தையும் நம்ப மாட்டாங்க. பைக் தவணையைச் செலவுன்னு காட்டினேன், கோர்ட் அதைக் கழிக்கல. சம்பளத்துல 25 சதவீதம்தான் கொடுக்கணும்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. 2017ல ஒரு வழக்குல அது நியாயம்னு உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை, ஆனா எல்லாருக்கும் அதே கணக்கு கிடையாது. "வேலையே இல்லை"ங்கிறதும் எடுபடாது. உடம்பு நல்லா இருக்கிற கணவன் கூலி வேலை செஞ்சாவது கொடுக்கணும்னு 2022ல தீர்ப்பு இருக்கு. பொண்ணைப் பெத்தவனா அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

வக்கீலுக்குக் காசு இல்லைன்னா கோர்ட் வளாகத்துலயே இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் வருமானம் பார்க்காமலே இலவசம். போன் 15100.

எனக்கு மனு போட்ட தேதியிலேர்ந்து மாசம் 6,500 ஆச்சு. பழைய 36,000ல ஒரு ரூபாய் குறையல, தவணையாக் கட்டினேன்.

மனு முடியற வரைக்கும் முடிஞ்சதை அனுப்பிக்கிட்டே இருங்க, பேங்க் வழியா, எந்த மாசத்துக்குன்னு குறிப்பு எழுதி. மகளோட யூனிஃபார்முக்கு 1,800 ரூபாயைக் கையிலதான் கொடுத்தேன். அது கணக்குல ஏறவே இல்லை.