கெல்ப் காட்டுக்குள் முதல் முழுக்கு: கேட்டலினா தீவில் ஒரு வார இறுதி

தெற்குக் கலிஃபோர்னியாவில் ஸ்கூபா (காற்று சிலிண்டருடன் கடலுக்குள் மூழ்கி நீந்துவது) கற்றுக்கொள்பவர்கள் பலர், பயிற்சி முடிந்த கையோடு ஹவாய்க்கோ மெக்சிகோவுக்கோ டிக்கெட் எடுக்கிறார்கள். எனக்கு அது வருத்தமாகவே இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் கரையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் சாண்டா கேட்டலினா தீவு இருக்கிறது. அங்கே கல் படிக்கட்டில் இறங்கி, சில நிமிடங்கள் நீந்தினால் கெல்ப் காட்டுக்குள் போய்விடலாம். சனி, ஞாயிறு இரண்டு நாட்கள் போதும். இப்போதுதான் சான்றிதழ் வாங்கியவர்களையும், இதுவரை கடலுக்குள் இறங்காதவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கெல்ப் என்பது பழுப்பு நிறக் கடற்பாசி. குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் இருந்தால்தான் வளரும். அதனால்தான் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையும் கடற்புல்லும் பார்த்தவர்கள் இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கேட்டலினாவில் வளர்வது ராட்சத கெல்ப். அடியில் பாறையை இறுகப் பற்றிக்கொண்டு மேல்நோக்கி எழும். சூழல் வாய்த்தால் ஒரே நாளில் அரை மீட்டர் வரைகூட வளரும். ஒவ்வோர் இலையின் அடியிலும் ஒரு சிறு காற்றுப்பை இருக்கிறது. தண்டை நிமிர்த்தி நிறுத்துவது அதுதான். நீர்மட்டத்தைத் தொட்டதும் படர்ந்து கூரையாகிவிடும். அந்தக் கூரையின் இடுக்கில் வெயில் இறங்குவதைக் கீழிருந்து பார்ப்பதற்காகவே இந்தப் பயணம் தகும்.

முதல் படி: பருவம்

செப்டம்பரும் அக்டோபரும்தான் என் தேர்வு. குளிர்கால இறுதியில் 13, 14 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் நீர், அப்போது 20 டிகிரியை ஒட்டி இருக்கும். நீரும் தெளிவாக இருக்கும், கோடைக் கூட்டமும் குறைந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஆசியாவிலிருந்து வந்த சர்காசம் ஹார்னரி என்னும் பாசி 2003இல் லாங் பீச் துறைமுகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பிறகு இந்தத் தீவுக்கும் பரவியது. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் அது பாறைகளை மூடிவிடுகிறது. கோடை முடிவதற்குள் பெரும்பாலும் மடிந்துவிடும்.

இலையுதிர் காலத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. வடகிழக்கிலிருந்து சான்டா ஆனா காற்று வீசினால், மற்ற நாட்களில் அமைதியாக இருக்கும், நாம் இறங்கப்போகும் கரை நேராக அதன் வாயில் மாட்டிக்கொள்ளும். வானிலை அறிவிப்பில் அந்தப் பெயரைப் பார்த்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில் கெல்ப் மெலிந்துபோவதும் உண்டு. கிளம்பும் வாரத்தில் தீவின் டைவிங் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: தகுதி

சான்றிதழ் இல்லாதவர்கள் பயிற்சியாளரின் துணையோடு அறிமுக முழுக்கு போகலாம். அதற்கு உச்ச ஆழம் 12 மீட்டர். அடிப்படைச் சான்றிதழுக்குப் பாடம், நீச்சல்குளப் பயிற்சி, திறந்த நீரில் நான்கு முழுக்குகள் தேவை. அதை முடித்தவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை ஏதேனும் இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இறங்காதீர்கள். மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்க வேண்டாம். சளி பிடித்திருந்தால் அந்த வாரம் ஓய்வுதான். மூக்கடைப்போடு காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது.

மூன்றாம் படி: போக்குவரத்து

லாங் பீச்சிலிருந்து தீவின் அவலான் ஊருக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். டிக்கெட்டையும் அறையையும் முன்பே எடுத்துவிடுங்கள். படகில் குமட்டல் வருபவர்கள் அதற்கான மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அவலான் சிற்றூர், எங்கும் நடந்தே போகலாம். கனமான கருவிகளைத் தூக்கிக்கொண்டு போகாமல் தீவிலேயே வாடகைக்கு எடுங்கள். முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் மட்டும் சொந்தமாக இருந்தால் நல்லது.

நாம் இறங்கும் இடம் கேசினோ முனை. 1929இல் திறக்கப்பட்ட வட்ட வடிவக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. மிதவைகள் கட்டிய எல்லைக்குள் படகுகள் வருவதில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் எந்த உயிரையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாது.

நான்காம் படி: உடுப்பும் எடையும்

7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு), தலையுறை, கையுறை, காலுறை எல்லாம் வேண்டும். மேலே நீர் இதமாக இருந்தாலும், சில மீட்டர் கீழே சட்டென்று குளிர் அடுக்கு ஒன்று வரும். தடித்த வெட்சூட் உங்களை மிதக்கவைக்கும் என்பதால் எடை கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். மிதவைச் சட்டையின் (காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டை) காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, இயல்பாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நீரில் அசையாமல் நேராக நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நின்றால் எடை சரி. சிலிண்டர் காலியாகக் காலியாகச் சுமார் இரண்டு கிலோ இலேசாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு உடம்பில் தொங்குவதை எல்லாம் ஒடுக்குங்கள். சிலிண்டரில் எஞ்சிய காற்றைக் காட்டும் அழுத்தமானியின் குழாயைச் சட்டையில் மாட்டுங்கள். காலில் மாட்டும் துடுப்பின் பட்டையில் நீட்டிய முனையை உட்புறமாகச் செருகுங்கள். ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாயைக் கழற்றிவிடுங்கள். கெல்ப் தானாக வந்து யாரையும் பிடிப்பதில்லை, நீட்டிக்கொண்டிருப்பதில்தான் மாட்டுகிறது.

ஐந்தாம் படி: இறங்குதல்

படிகளில் பாசி வழுக்கும். மாஸ்க் முகத்தில், சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயில், சட்டையில் கொஞ்சம் காற்று, ஒரு கை கைப்பிடிக் கம்பியில். அலை தணியும் நேரம் பார்த்து நீரில் அமர்ந்து உடனே விலகிவிடுங்கள். படியில் நின்று எதையும் சரிசெய்யாதீர்கள். கெல்ப் இல்லாத தெளிந்த இடம் வரை நீந்தி, திசைகாட்டியில் கரையின் திசையைக் குறித்துக்கொண்டு, துணைவருடன் சேர்ந்தே கீழே போங்கள்.

ஆறாம் படி: காட்டுக்குள்

மேலிருந்து பார்க்கும்போது அடைத்துக்கொண்டிருக்கும் காடு, கீழே போனால் விசாலமாக இருக்கும். தண்டுகளுக்கு இடையே வழிகள் தெரியும். மெதுவாகப் போங்கள்.

எங்கேனும் மாட்டிக்கொண்டால் முதலில் நில்லுங்கள், மூச்சு விடுங்கள். சுழன்று திரும்பிப் பார்க்கவே கூடாது. சுழலச் சுழலத் தண்டு சுற்றிக்கொள்ளும். கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே பெரும்பாலும் விடுபட்டுவிடும். இல்லையென்றால் தண்டை இழுக்காதீர்கள், இழுத்தால் அறாது. பச்சை பீன்ஸை ஒடிப்பதுபோல் மடக்கி ஒடியுங்கள். முதுகுப் பக்கம் மாட்டியிருந்தால் துணைவர் எடுத்துவிடட்டும். துணைவரைவிட்டுப் பிரியாதிருக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

மூழ்கிய படகுகளைத் தேடி ஆழத்துக்கு விரையும் ஆசை பலருக்கு வரும். முதல் முழுக்கில் அது வேண்டாம். பத்து மீட்டரில் ஓரிடத்தில் நிதானமாக மிதந்தாலே காடு உங்களிடம் வரும். பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் கரிபால்டி வரும். கலிஃபோர்னியாவின் மாநிலக் கடல்மீன். தன் கூட்டைக் காக்கும் ஆண் மீன் உங்களை எதிர்த்து வந்தால் விலகி வழிவிடுங்கள். ஷீப்ஹெட் மீன் பெண்ணாகப் பிறந்து பின்னாளில் ஆணாக மாறும். அதுவும் சிங்கி இறாலும் கடல் முள்ளெலிகளைத் தின்பதால்தான், அவை பெருகி கெல்ப்பை மொட்டையடிக்காமல் இருக்கின்றன. பாறை இடுக்குகளில் கொம்புச் சுறா படுத்திருக்கும். கோடையில் அதிர்ஷ்டம் இருந்தால், இரண்டு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய ராட்சதக் கடல் பாஸ் தண்டுகளின் நடுவே அசையாமல் நிற்கும். துரத்தாமல் இருந்தால் அது நெடுநேரம் நிற்கும்.

ஏழாம் படி: மேலே வருதல்

புதியவர்கள் கவனக்குறைவாக இருந்துவிடுவது இங்கேதான். அழுத்தமானியில் 3000 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காற்றுடன் இறங்கினால் பாதி தீர்வதற்குள் திரும்பத் தொடங்குங்கள். கூரைக்கு அடியிலேயே நீந்தித் தெளிந்த இடத்துக்கு வந்துசேரக் காற்று மிஞ்ச வேண்டும். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, 500 பி.எஸ்.ஐ.க்குக் குறையாமல் மேலே வாருங்கள்.

கெல்ப்புக்கு நடுவே எழ வேண்டி வந்தால் மேலே பார்த்துக்கொண்டே கையை உயர்த்தி, இலைகளை விலக்கியபடி வாருங்கள். அங்கிருந்து கரைக்குப் போகக் கால்களை உதைக்கக் கூடாது. சட்டையில் காற்று நிரப்பி, குப்புறப் படுத்து, முன்னால் உள்ள இலைகளைக் கீழே அமுக்கி, அவற்றின் மேலாகக் கையால் இழுத்துத் தவழ்ந்து வாருங்கள். துடுப்புகள் பின்னால் சும்மா வரட்டும்.

எட்டாம் படி: திரும்புதல்

ஒரு நாளைக்கு இரண்டு முழுக்கு போதும் என்பது என் கருத்து. குளிரில் உடம்பு சோர்வது தெரியாமலேயே சோரும். மேலே வந்தபின் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் என்று ஏதாவது தோன்றினால் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். அழுத்த மாற்றத்தால் வரும் இந்த நோய்க்கான உயர் அழுத்தச் சிகிச்சை அறை தீவின் டூ ஹார்பர்ஸ் பகுதியிலேயே இருக்கிறது. படகுப் பயணத்தால் தொல்லையில்லை. ஆனால் பல முழுக்குகளுக்குப் பின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஞாயிறு மதியம் கடைசி முழுக்கை முடிப்பவர்கள், விமான டிக்கெட்டைத் திங்கள் மாலைக்கே எடுங்கள்.